பறவைக் குலமும் இரசாயனச் சாட்சியும்

வாடைக் காற்று வீசும் மாதங்களில் மன்னார்ப் பகுதியின் கடனீரேரிகளில் பூநாரைகள் கூட்டங் கூட்டமாக வந்திறங்குகின்றன. நீண்ட மெல்லிய கால்கள், வளைந்த கழுத்து, நடுவில் முறித்து வைத்தாற்போன்ற அலகு, இளஞ்சிவப்பு இறகு. வழிப்போக்கரும் வண்டியை நிறுத்திப் பார்க்கும் காட்சி அது. அதே வேளையில், உள்நாட்டுக் குளமொன்றின் தாமரையிலைகளுக்கிடையே ஒரு சிறு பறவை நீரில் மூழ்குவதும் எதிர்பாராத இடத்தில் தலை காட்டுவதுமாய் இருக்கும். அதனை முக்குளிப்பான் என்பர். அதற்கு நீண்ட காலுமில்லை, நெடுங்கழுத்துமில்லை, பகட்டான நிறமுமில்லை. அதனைப் பார்ப்பதற்கென்று வண்டியை நிறுத்துவார் எவருமிலர்.

இவ்விரு பறவைகளும் ஒரு தாய் வழி வந்த நெருங்கிய உறவினர் என்று ஒருவர் கூறினால் நகைப்பதே இயல்பு. ஆயினும் இன்றைய பறவையியலார் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட உண்மை அதுவே. கண் கண்டறியாத இந்த உறவைக் கண்டறிந்தது எது? பறவையின் குருதியிலும் தசையிலும் முட்டையின் வெண்கருவிலும் அடங்கிக் கிடந்த இரசாயனப் பொருள்களே. அவற்றைச் சாட்சிக்கு அழைத்துப் பறவைகளின் குலமுறையை எழுத முயன்ற வரலாறு வெற்றியும் பிழையும் வழக்கும் கலந்த ஒரு வரலாறாகும்.

சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயசு 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட நூற்பதிப்பில் பறவைகள் அனைத்தையும் ஆறு வருணங்களாகப் பிரித்தார். அலகும் காலுமே அவருக்குப் பெரும்பாலும் அளவுகோலாய் அமைந்தன. அவருக்குப் பின்வந்தோர் எலும்பையும் தசையையும் இறகின் அடுக்கையும் குரல்வளையையும் ஆராய்ந்து அப்பாகுபாட்டைத் திருத்தி வந்தனர். ஆனால் உருவத்தை மட்டும் நம்புவோருக்கு ஓர் இடர் உண்டு. ஒரே தொழிலைச் செய்யும் உயிர்கள், வெவ்வேறு குலத்தில் பிறந்தனவாயினும், காலப்போக்கில் ஒரே சாயலைப் பெற்றுவிடுகின்றன. தகைவிலானும் உழவாரக் குருவியும் வானிற் பறந்தவாறே பூச்சி பிடிப்பவை. இரண்டுக்கும் அரிவாள் போன்ற இறக்கை. இரண்டுக்கும் அகன்ற வாய். பார்ப்பவர் அவற்றை உடன்பிறப்பென்றே கொள்வர். உண்மையில் தகைவிலான் சிட்டும் காகமும் அடங்கிய பெருங்குலத்தைச் சேர்ந்தது. உழவாரக் குருவியோ அமெரிக்கக் கண்டத்துத் தேன்சுவைக்கும் ஓசனிச்சிட்டின் உறவு. தொழில் தந்த ஒற்றுமை வேறு, பிறப்புத் தந்த ஒற்றுமை வேறு. இவை இரண்டையும் பிரித்துக் காண்பதே பாகுபாட்டு அறிஞரின் தலையாய கடமை.

பூநாரை இந்த இடருக்குச் சிறந்த எடுத்துக்காட்டாய் விளங்கிற்று. அதன் காலைப் பார்த்தவர் கொக்கு, நாரை இனத்தோடு சேர்த்தனர். விரலிடைத் தோலையும், நீரை வடிகட்டும் அலகையும், வாத்தினது போன்ற குரலையும் கருதியவர் வாத்தினத்தோடு சேர்த்தனர். ஆங்கில அறிஞர் தோமசு அக்சிலி 1867ஆம் ஆண்டில், இரண்டுக்கும் நடுவே அதற்கெனத் தனியிடம் ஒன்றை வகுத்தார். அதாவது, தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

புறத்தே தீராத வழக்கை அகத்தே தீர்க்கலாமா என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்தது. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்து யோர்ச் நட்டால் 1904ஆம் ஆண்டில் குருதியுறவு பற்றிய தமது நூலை வெளியிட்டார். ஒரு விலங்கின் குருதிநீரை முயலின் உடலிற் செலுத்தினால், அதனை எதிர்க்கும் பொருள் முயலின் குருதியில் தோன்றுகிறது. அவ்வெதிர்ப்பொருளை மற்றொரு விலங்கின் குருதிநீரோடு கலக்கும்போது வீழ்படிவு உண்டாகிறது. உறவு நெருங்க நெருங்க வீழ்படிவு மிகும். உறவு விலக விலகக் குறையும். இவ்வழியில் ஆயிரக்கணக்கான சோதனைகளை நடத்தி, குருதியின் இரசாயனம் குலத்தின் சுவட்டைத் தாங்கி நிற்கிறது என்பதை அவர் நிலைநாட்டினார்.

அடுத்த படி புரதங்களைத் தனித்தனியே பிரித்தறியும் முறையாகும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. அவ்வமிலங்களிற் சில நேர் ஏற்றமும் சில மறை ஏற்றமும் உடையவை. ஆதலின் ஒரு புரதக் கரைசலூடே மின்னைச் செலுத்தினால், ஒவ்வொரு புரதமும் தன் ஏற்றத்துக்கும் பருமனுக்கும் ஏற்ற வேகத்தில் நகர்கிறது. ஒரே கோட்டிலிருந்து புறப்பட்ட ஓட்டக்காரர் சிறிது நேரத்தில் முன்னும் பின்னுமாய்ப் பிரிந்து நிற்பதைப் போலப் புரதங்களும் பிரிந்து வரிவரியாய் நிற்கின்றன. இம்முறையைச் செம்மைப்படுத்திய சுவீடன் நாட்டு ஆர்ணெ திசேலியசு 1948ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். பின்னர் எளிய தாட்கீற்றின் மீதும், மாப்பொருளாற் செய்த கூழின் மீதும் இதனை நடத்தும் வழிகள் வந்தன. பெரும் பொருட்செலவின்றிச் சிறிய ஆய்வுகூடங்களும் இதனைக் கைக்கொள்ள முடிந்தது.

பறவையியலுக்கு இம்முறை வாய்ப்பாக அமைந்ததற்கு முட்டையே காரணம். கோழி முட்டையின் வெண்கருவில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு புரதம். எஞ்சியது பெரும்பாலும் நீர். அப்புரதத்திற் பாதிக்கு மேற்பட்டது ஒவல்புமின் என்னும் ஒரே பொருள். அதனுடன் வேறு பல புரதங்களும் கலந்துள்ளன. இவற்றின் அமைப்பைப் பறவையின் பிறப்புரிமையே விதிக்கிறது. மக்கேபு, டொயிட்சு என்னும் இரு அமெரிக்க அறிஞர் 1952ஆம் ஆண்டில் வெண்கருப் புரதங்களைக் கொண்டு சில பறவைகளின் உறவை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். அவ்வித்தைப் பெருமரமாய் வளர்த்தவர் சாள்சு சிபிலி.

சிபிலி 1917ஆம் ஆண்டில் கலிபோணியாவிற் பிறந்தவர். மெட்சிக்கோ நாட்டு மலைகளில் இரண்டு வகைச் சிறு பறவைகள் ஒன்றோடொன்று கலந்து கலப்பினம் தோன்றுவதை ஆராய்ந்தே அவர் ஆய்வுத் துறையிற் கால்வைத்தார். எது ஓர் இனம், எது இரண்டு இனம் என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. கோணெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், பல நாட்டுப் பறவைகளின் முட்டைகளைத் திரட்டி வெண்கருவை மின்புலத்திற் பிரித்துப் பார்த்தார். 1960ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நீண்ட கட்டுரை, வெண்கருப் புரதங்களின் வரிக்கோலம் பாகுபாட்டுக்குரிய பண்பாய் அமையக்கூடும் என்று எடுத்துக்காட்டியது. பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் யோன் ஆல்கிவிசுட்டுடன் சேர்ந்து இப்பணியை மேலும் விரித்தார்.

ஆயினும் வெண்கரு எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. வரிக்கோலங்கள் இரண்டை அருகருகே வைத்து, இவை ஒத்தவை, அவை ஒவ்வாதவை என்று கூறுவதில் பார்ப்பவரின் மனச்சார்பு புகுந்துவிடும். முட்டை பழுதானால் புரதமும் சிதையும், கோலமும் மாறும். மேலும், வெவ்வேறு புரதங்கள் தற்செயலாய் ஒரே தொலைவுக்கு நகர்தலும் உண்டு. பூநாரையின் வழக்கே இதற்குச் சான்று. 1969ஆம் ஆண்டில் சிபிலியும் அவருடன் உழைத்தோரும் பூநாரையின் வெண்கருவையும் குருதிச் செம்பொருளையும் ஆராய்ந்து, நாரையினத்தின் பக்கமே சாய்ந்தனர். அருகில் நின்ற முக்குளிப்பான் அவர்தம் கண்ணிற் படவில்லை.

முட்டை திரட்டுவதிலும் ஓர் இக்கட்டு இருந்தது. பறவையைக் கொல்லாமல் ஆராயலாம் என்பது வெண்கரு முறையின் சிறப்பு. ஆனால் உலகெங்குமுள்ள இனங்களின் முட்டை வேண்டுமெனின், எத்தனையோ கூடுகள் கலைக்கப்பட வேண்டும். காட்டுயிர் காக்கும் சட்டங்கள் இறுகி வந்த காலத்தில், வெளிநாட்டு முட்டைகளை விதிமுறைக்கு மாறாகத் தருவித்ததன் பேரில் சிபிலி 1974ஆம் ஆண்டில் அபராதம் செலுத்த நேர்ந்தது. அறிவைத் தேடும் ஆர்வம் தான் ஆராயும் உயிருக்கே தீங்காகலாகாது என்பதை விஞ்ஞான உலகம் இதனாற் கற்றுக்கொண்டது.

அந்நிலையில் அவர் புரதத்தை விடுத்து, புரதத்துக்கே மூலமான டி.என்.ஏ. என்னும் பொருளை நாடினார். மனிதன் முதலிய பாலூட்டிகளின் செங்குருதிக் கலங்கள் முதிர்ச்சியடைந்தபின் கருவற்றவை. பறவையின் செங்குருதிக் கலங்களோ கருவுடையவை. ஆதலின் ஒரு சிறு துளிக் குருதியிலேயே டி.என்.ஏ. நிரம்பக் கிடைக்கும். பறவையைப் பிடித்து, இறக்கை நாளத்திற் சிறிது குருதி எடுத்து, மீண்டும் பறக்க விட்டுவிடலாம்.

டி.என்.ஏ. இரண்டு இழைகள் முறுக்கிய கயிறு போன்றது. சூடேற்றினால் இழைகள் பிரியும். ஆறவிட்டால் தமக்குப் பொருந்திய துணையைத் தேடி மீண்டும் இணையும். இரண்டு இனங்களின் டி.என்.ஏ.யைச் சூடேற்றிப் பிரித்து ஒன்றாய்க் கலந்தால், ஓரினத்தின் இழை மற்றையினத்தின் இழையோடும் இணையும். உறவு நெருக்கமாயின் பொருத்தம் மிகுதி. அவ்விணைப்பைப் பிரிக்க மிகுந்த வெப்பம் வேண்டும். உறவு தூரமாயின் பொருத்தம் குறைவு; சிறிது வெப்பத்திலேயே பிரிந்துவிடும். ஆகவே, பிரியும் வெப்பநிலையில் உள்ள வேறுபாடே இரு பறவைகளின் உறவுத் தொலைவை அளக்கும் கோலாகிறது. கண்ணால் ஒப்புநோக்கும் கலை எண்ணால் அளக்கும் கலையாய் மாறியது.

ஏறத்தாழ 1,700 பறவையினங்களை எடுத்து, இருபத்தாறாயிரம் அளவிலான இத்தகைய கலப்பிணைப்புக்களை இருவரும் ஆராய்ந்தனர். 1986ஆம் ஆண்டில் ஒட்டாவா நகரிற் கூடிய சர்வதேசப் பறவையியல் மகாநாட்டில் இவற்றின் பயனாய் எழுந்த நீண்ட குலமரப்படம் வைக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டில் அதனை விளக்கும் பெருநூல் வெளியாயிற்று. ஒரு பெரிய உண்மை அந்நூலால் ஒளிபெற்றது. அவுஸ்திரேலியாவின் சிறு பாடும் பறவைகள் பலவற்றுக்கு, அங்குக் குடியேறிய ஐரோப்பியர் தம் ஊர்ப் பறவைகளின் பெயரையே சூட்டியிருந்தனர். சாயல் ஒத்திருந்ததால் குலமும் ஒன்றே என எண்ணியிருந்தனர். ஆனால் அவை ஐரோப்பியப் பறவைகளின் உறவல்ல, அத்தீவுக் கண்டத்திலேயே கூர்ப்படைந்த தனிக் குலங்கள் என்று டி.என்.ஏ. கூறியது. பாடும் பறவைகளின் தாயகமே அவுஸ்திரேலியப் பகுதிதான் என்ற இன்றைய கொள்கைக்கு அது வழிகோலிற்று.

எனினும் அம்மரத்திற் பிழையான கிளைகளும் இருந்தன. அமெரிக்கக் கண்டத்துப் பிணந்தின்னிக் கழுகுகள் நாரையின் நெருங்கிய உறவு என்று அது காட்டியது. அமெரிக்கப் பறவையியற் சங்கமும் 1998ஆம் ஆண்டில் தன் பட்டியலை அவ்வாறே திருத்தியது. பின்வந்த ஆய்வுகள் அதனை ஆதரிக்கவில்லை. 2007ஆம் ஆண்டில் அப்பறவைகள் மீண்டும் வேட்டைப் பறவைகளின் பக்கமே வைக்கப்பட்டன. அன்றியும், அளவீடுகளிற் சிலவற்றைத் திருத்தியவர்கள் அத்திருத்தங்களை முழுமையாக வெளியிடவில்லை என்ற கண்டனமும் எழுந்தது. சாட்சி எத்துணை நுட்பமானதாயினும், சாட்சியத்தைப் பதிவு செய்பவர் ஒவ்வொரு சொல்லையும் வெளிப்படையாக எழுதி வைத்தல் வேண்டும். அப்போதுதான் மற்றொருவர் அதனைச் சரிபார்க்க முடியும். பிழை இருப்பின் திருத்தவும் முடியும்.

அதன் பின்னர், டி.என்.ஏ.யின் எழுத்துக்களையே ஒவ்வொன்றாய் வாசிக்கும் முறை பரவியது. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, பூநாரைக்கு மிக நெருங்கிய உயிருள்ள உறவு முக்குளிப்பான் குடும்பமே என்று அறிவித்தது. பறவையியலார் திகைத்தனர், பலர் நம்ப மறுத்தனர். ஆயினும் 2004ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் ஒருவர் இரண்டின் உடலமைப்பையும் புதிதாய் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அதுவரை எவரும் பொருட்படுத்தாத பல ஒற்றுமைகள் வெளிப்பட்டன. இரண்டின் முட்டை ஓட்டின் மீதும் சுண்ணம் பூசியது போன்ற வெண்படலம் காணப்படுவது அவற்றுள் ஒன்று. சான்று முன்னரும் கண்ணெதிரே இருந்தது; அதனைத் தேடிப் பார்க்கும்படி சொன்னது இரசாயனம். 2008ஆம் ஆண்டில் 169 இனங்களைக் கொண்டும், 2014ஆம் ஆண்டில் 48 இனங்களின் முழு டி.என்.ஏ.யைக் கொண்டும், 2024ஆம் ஆண்டில் 363 இனங்களைக் கொண்டும் நடந்த பேராய்வுகள் அவ்வுறவை மேன்மேலும் உறுதி செய்தன.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. உடலிலுள்ள எல்லா இரசாயனமும் குலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பூநாரையின் இளஞ்சிவப்பு அதன் உணவாகிய சிற்றிறாலிலிருந்தும் பாசியிலிருந்தும் பெற்ற நிறப்பொருள். அவ்வுணவு கிடைக்காத கூட்டில் வளரும் பூநாரை வெளிறிப் போகிறது. ஆகவே ஒரு பொருள் பிறப்பால் வந்ததா, உணவால் வந்ததா என்று முதலில் அறிதல் வேண்டும். ஆனால் உணவால் வந்ததும் பயனற்றதன்று. அது வேறொரு கேள்விக்கு விடை கூறும்.

2009ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள், நியூயோர்க் நகரிலிருந்து எழுந்த பயணிகள் விமானமொன்றின் இயந்திரங்களில் பறவைகள் மோதின. இரண்டு இயந்திரங்களும் வலுவிழந்தன. விமானி விமானத்தை அட்சன் ஆற்றில் இறக்கினார். அதிலிருந்த 155 பேரும் உயிர் தப்பினர். இயந்திரங்களில் எஞ்சியிருந்தவை சிதைந்த தசையும் இறகுத் துணுக்குகளுமே. அவை சிமித்சோனியன் நிறுவனத்து இறகு ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. டி.என்.ஏ.யும் இறகின் நுண்ணமைப்பும் அவை கனடா வாத்துக்கள் என்று காட்டின. அடுத்து எழுந்த கேள்வி, அவை அந்நகரிலேயே தங்கி வாழ்பவையா, வடக்கிலிருந்து வலசை வந்தவையா என்பது. மழைநீரிலுள்ள பார ஐதரசனின் விகிதம் இடத்துக்கிடம் மாறும். இறகு முளைக்கும்போது, அவ்விடத்து நீரின் விகிதம் அதிற் பதிந்துவிடுகிறது; முளைத்து முடிந்த இறகில் அது மாறுவதில்லை. அதனை அளந்த அறிஞர், மோதியவை தொலைதூர வடக்கிலிருந்து வந்தவை எனத் தெளிந்தனர். உள்ளூர்ப் பறவையாயின் விமானத் தளத்தைச் சூழ்ந்த நீர்நிலைகளைக் கவனித்தால் ஓரளவு காவல் கிடைக்கும். வலசைப் பறவையாயின் அது மட்டும் போதாது. வானத்தையே கண்காணிக்க வேண்டும். இனத்தை டி.என்.ஏ. கூற, ஊரை ஐதரசன் கூறிற்று. இரண்டும் சேர்ந்தபோதே மனித உயிரைக் காக்கும் வழி தெளிவாயிற்று.

இலங்கைக்கும் இத்தகைய ஒரு கேள்வி உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பனந்தோப்புக்களில் மரங்கொத்தியின் முதுகு பொன்னிறம். தெற்கே செல்லச் செல்ல அதே உருவுள்ள மரங்கொத்தியின் முதுகு செந்நிறம். இரண்டும் சந்திக்கும் வட பகுதிகளில் இடைப்பட்ட நிறமுள்ளவையும் காணப்படுகின்றன. இவை ஒரே இனத்தின் இரு சாயல்களா, இரண்டு இனங்களா? நெடுங்காலம் ஒரே இனம் என்றே பல நூல்கள் எழுதிவந்தன. 2016ஆம் ஆண்டில் இலங்கை அறிஞரும் கனடா அறிஞரும் இணைந்து, உடல் அளவுகளையும் மரபுப் பொருளையும் ஒப்பிட்டு ஆய்வொன்றை வெளியிட்டனர். செம்முதுகு மரங்கொத்தி இலங்கைக்கே உரிய தனி இனம் என்பது அவர்தம் முடிபு. ஒரு காட்டுத் துண்டை அழிப்பதா, காப்பதா என்ற பேச்சு எழும்போது, உலகில் வேறெங்குமில்லாத இனம் அங்கு வாழ்கிறது என்ற அறிவு தராசின் ஒரு தட்டிற் கனமாய் ஏறி அமரும். பெயரற்ற உயிருக்காக வழக்காட எவரும் முன்வருவதில்லை.

இக்காலத்தில் நூதனசாலைகள் பதப்படுத்திய தோலோடு, கடுங்குளிரில் உறையவைத்த தசைத் துணுக்கையும் சேமிக்கின்றன. நூறாண்டுக்கு முன் சேகரித்த பறவைத் தோலாயினும், அதன் காலடித் தோலிலிருந்து ஒரு சீவல் எடுத்து டி.என்.ஏ.யை வாசிக்க முடிகிறது. அன்று துப்பாக்கியோடு சென்று சேகரித்தவர் தாம் எதனைச் சேமிக்கிறோம் என்று முழுதும் அறிந்திலர். எனினும் அவர் எழுதிக் கட்டிய சிறு சீட்டு, எந்த ஊர், எந்த நாள் என்ற குறிப்பு, இன்று அத்துணுக்கின் சொல்லுக்கு ஆதாரமாகிறது. சீட்டில்லாத தோல் எதனைக் கூறினும், அது எவ்வூர்ப் பறவையின் கூற்று என்று அறிய வழியில்லை.

கண்ணால் நோக்கும் கலையை இரசாயனம் ஒழித்துவிடவில்லை. பூநாரையின் உறவை டி.என்.ஏ. சுட்டிக்காட்டியது; அதனை உறுதி செய்ய எலும்பையும் முட்டையோட்டையும் மீண்டும் நோக்கியது மனிதக் கண்ணே. அடுத்த வாடைக் காலத்தில் மன்னாரிற் பூநாரைகள் வந்திறங்கும்போது, அவற்றைக் காணச் செல்வோர் திரும்பும் வழியில் ஏதேனும் ஒரு குளக்கரையிற் சற்று நிற்பாராக. தாமரையிலைகளுக்கிடையே மூழ்கி எழும் அச்சிறு பறவை, அவர்கள் கண்டு வியந்த பெருங்குலத்தின் நெருங்கிய சுற்றம்.